ஓய்வு பெற்றபின் வீட்டில் ஒரு ரயில் பாதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் பெறப்போகிறவர்களும் மாடல் ரயில் பற்றி என்னிடம் கேட்பவற்றை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் ரயில் சீக்கிரம் அலுத்துவிடும். வேலை செய்கிற ரயில் அலுக்காது. கீழே உள்ள பதில்களில் பாதி இந்தக் கட்சியிலிருந்து வந்தவை. சுற்றுகிற ரயில்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தேவையானதையும் விட்டுவிடவில்லை.

பேரனுக்கு வாங்கித் தந்த பேட்டரி ரயிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பேட்டரி ரயிலில் மின்சாரம் எஞ்சினுக்குள் இருக்கிறது. மாடல் ரயிலில் அது தண்டவாளத்தில் இருக்கிறது. ஒரு தண்டவாளம் பிளஸ், மற்றது மைனஸ். சக்கரங்கள் வழியாக அதிகபட்சம் 12 வோல்ட் மோட்டாருக்குப் போகும். குமிழைத் திருகினால் வேகம் கூடும், குறையும். பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் எஞ்சின் பின்னால் போகும். இரண்டாவது வித்தியாசம் அளவு. எஞ்சின், பெட்டி, பிளாட்பாரம், அதில் நிற்கிற ஆள் எல்லாமே நிஜத்திலிருந்து ஒரே விகிதத்தில் சுருக்கப்பட்டவை. வேகம் குமிழின் கட்டுப்பாட்டில் இருப்பதால்தான் எஞ்சினை மெதுவாக, நிஜ ரயில் ஸ்டேஷனுக்குள் ஊர்ந்து வருகிற மாதிரி நகர்த்த முடிகிறது. பேட்டரி ரயிலால் அது ஆகாது.

நான் ரயில்வேயில் இருந்தவன் இல்லை. எனக்கு வருமா?

வரும். பேங்கில் இருந்தவர், தமிழாசிரியர், மின்வாரியக்காரர் என்று யாருக்கும் வரும். ரயில்வேயில் இருந்தவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல்: நம் மேஜையில் சிக்னல் தப்பான இடத்தில் நின்றால் அவர்களுக்குத் தூக்கம் வராது.

எந்த அளவில் வாங்குவது?

உலகம் முழுக்க அதிகம் புழங்குவது எச்ஓ (HO). நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அதைவிடச் சிறியது ‘என்’ அளவு (என்னுடையது இல்லை, N என்ற ஆங்கில எழுத்து): 160-ல் ஒரு பங்கு, இடைவெளி 9 மில்லிமீட்டர். பிரிட்டனில் ஹார்ன்பி போன்றவர்கள் செய்யும் டபுள்ஓ, எச்ஓ-வின் அதே 16.5 மில்லிமீட்டர் பாதையில்தான் ஓடும். ஆனால் பெட்டிகள் சற்றுப் பெரியவை, 76-ல் ஒரு பங்கு. பெரிய தோட்டம் உள்ளவர்கள் ஜி அளவை வெளியில் ஓட்டுகிறார்கள், பாதை 45 மில்லிமீட்டர். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் நான் அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

நம் பெட்டிகளை வைத்துக் கணக்குப் போட்டால் முடிவு எளிது. இப்போது ஓடும் எல்எச்பி (LHB) என்ற புதுவகைப் பெட்டி ஒன்றின் நீளம் 23.54 மீட்டர். எச்ஓ-வில் 27 சென்டிமீட்டர், ‘என்’ அளவில் 15-க்குச் சற்றுக் குறைவு. முழு நீள எக்ஸ்பிரஸ் ஒன்றில் 24 பெட்டி என்று வைத்தால், எச்ஓ-வில் எஞ்சினைச் சேர்க்காமலே ஆறரை மீட்டர் வரும். அது நம் ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போய்விடும். ‘என்’ அளவில்கூட மூன்றரை மீட்டர். ஆகவே முழு எக்ஸ்பிரஸ் ஆசையை முதல் நாளே விட்டுவிட்டு, ஐந்து பெட்டிப் பாசஞ்சரை எண்ணிப் பார்ப்பது நல்லது.

என் யோசனை: கண்ணும் கையும் நன்றாக ஒத்துழைத்து, இடம்தான் குறைவு என்றால் ‘என்’ அளவு. இடம் ஓரளவு இருந்து, பொடிப் பொருளைப் பிடிக்க விரல் தடுமாறுகிறது என்றால் எச்ஓ. அறுபது வயதுக்குப் பிறகு தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் எச்ஓ-வைத்தான் சொல்வேன். ‘என்’ அளவுப் பெட்டியைத் தண்டவாளத்தில் ஏற்றி வைப்பதற்கே பொறுமை வேண்டும். தடம் புரண்ட பெட்டியைத் தினமும் பத்து முறை ஏற்ற வேண்டியிருந்தால் பொறுமை யாருக்கும் தீர்ந்துபோகும்.

நம் ஊர் ரயில் அகலப் பாதை ஆயிற்றே. 16.5 மில்லிமீட்டர் சரியா?

கறாராகப் பார்த்தால் சரியில்லை. 16.5 மில்லிமீட்டர் என்பது ஐரோப்பிய, அமெரிக்க நிலையான பாதையான 1435 மில்லிமீட்டரின் 87-ல் ஒரு பங்கு. நம் அகலப் பாதை 1676 மில்லிமீட்டர். இலங்கையின் பாதையும் அதேதான். எச்ஓ-வில் அது 19.3 மில்லிமீட்டருக்கு வர வேண்டும். கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் குறைகிறது. இந்திய எஞ்சின்களை எச்ஓ-வில் செய்கிற நம் ஊர்ச் சிறு தயாரிப்பாளர்கள் இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டு 16.5 பாதையில்தான் ஓட விடுகிறார்கள். பக்கவாட்டில் பார்க்கும்போது தெரியாது. முன்னாலிருந்து குனிந்து பார்த்தால் பெட்டி கொஞ்சம் ஒல்லியான காலில் நிற்பது தெரியும். நீங்கள் குனிய மாட்டீர்கள், இடுப்பு விடாது.

மீட்டர் கேஜ் பிரியர்களுக்கு அதிர்ஷ்டம். ஆயிரம் மில்லிமீட்டரை 87-ஆல் வகுத்தால் 11.5. ஐரோப்பாவில் எச்ஓ அளவு மீட்டர் கேஜுக்கென்றே 12 மில்லிமீட்டர் பாதை விற்கிறது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர்தான். ஆனால் நம் மீட்டர் கேஜ் பெட்டிகள் கடையில் கிடைப்பது அரிது, கையால்தான் செய்ய வேண்டும்.

எவ்வளவு இடம் வேண்டும்?

சுற்றுப் பாதை என்றால் வளைவுதான் இடத்தைத் தின்கிறது. ஹார்ன்பியின் இரண்டாம் எண் வளைவின் ஆரம் 438 மில்லிமீட்டர். வட்டத்தின் குறுக்களவு 88 சென்டிமீட்டர், ஓரங்களில் பெட்டி நீட்டிக்கொள்ள இடம் விட்டால் ஒரு மீட்டர் அகலம். ஜப்பானின் காட்டோ நிறுவனத்தின் ‘என்’ அளவுப் பாதையில் 249 மில்லிமீட்டர் ஆர வளைவு உண்டு. இரண்டடி அகலப் பலகையில் அடங்கிவிடும்.

ஆனால் அடங்குவது வேறு, அழகாக இருப்பது வேறு. பெட்டியின் நீளத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு ஆரம் இருந்தால்தான் வளைவில் ரயில் ரயிலாகத் தெரியும் என்பது இந்தத் தொழிலில் பழைய கணக்கு. 27 சென்டிமீட்டர் எல்எச்பி பெட்டிக்கு 81 சென்டிமீட்டர் ஆரம் வேண்டும். வட்டத்துக்கு மட்டும் ஐந்தேகால் அடிக்கு மேல் போய்விடும். சின்ன வளைவில் நீளப் பெட்டி ஓடத்தான் செய்யும், ஆனால் இரண்டு பெட்டிகளின் மூலைகளும் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

எட்டுக்கு நாலடி பிளைவுட் ஒன்றை அப்படியே மேஜையாகப் போட்டு ஆரம்பிக்கும் பழக்கம் அமெரிக்காவில் உண்டு. நம் பத்துக்குப் பத்து அறையில் அதை வைத்தால் சுற்றிப் போக வழியிருக்காது. நடுவில் தடம் புரண்டால் கை எட்டாது. ஒரு ஆள் வசதியாக எட்டக்கூடியது இரண்டரை அடிதான். அதற்குப் பதில் சுவர் ஓரமாக ஒரு அடி, ஒன்றரை அடி அகலத்தில் அலமாரித் தட்டு மாதிரி போடுங்கள். ஜன்னல் திறக்கும், பீரோவும் திறக்கும், வீட்டில் பேச்சும் வராது.

சுவரோரத் தட்டில் ரயில் எங்கே சுற்றும்?

சுற்றாது. அதுதான் விஷயம்.

பிரிட்டனில் ஆலன் ரைட் என்பவர் அமைத்த இங்கில்நூக் என்றொரு ஷண்டிங் யார்டு, அதாவது வேகன்களைப் பிரித்து வரிசை மாற்றிச் சேர்க்கிற இடம், உண்டு. அதில் இரண்டே பாயின்ட் (பாதை இரண்டாகப் பிரியும் இடம்), மூன்று சைடிங் (வேகன் நிற்கும் பக்கப் பாதை). முதல் சைடிங்கில் ஐந்து வேகன் நிற்கும். மற்ற இரண்டில் மூன்று மூன்று. எதிர்ப்பக்கம் எஞ்சினும் மூன்று வேகனும் நிற்கிற அளவுக்கு ஒரு துண்டுப் பாதை. மொத்தம் எட்டு வேகன்கள். எட்டுக்கும் எட்டுச் சீட்டு எழுதி, குலுக்கி ஐந்தை எடுங்கள். வந்த வரிசையிலேயே அந்த ஐந்து வேகனும் முதல் சைடிங்கில் சேர வேண்டும். இடம் குறைவு என்பதால் ஒன்றை எடுக்க இன்னொன்றைத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். எட்டிலிருந்து ஐந்தை வரிசையாக எடுக்க 6720 வழிகள் இருக்கின்றன. தினம் ஒன்று ஆடினாலும் பதினெட்டு வருஷம் ஓடும். நம் வயதுக்கு இது போதும்.

இடக் கணக்கையும் பாருங்கள். நம் கூட்ஸ் வண்டிகளில் நிலக்கரி ஏற்றுகிற பாக்ஸ்என் வேகன் 10.7 மீட்டர். எச்ஓ-வில் பன்னிரண்டு சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். ஐந்து வேகன் 62. பாயின்ட்டுகளையும் எஞ்சினையும் சேர்த்து ஒன்றரை மீட்டர் சொச்சத்தில் முழு யார்டும் முடிகிறது. ‘என்’ அளவில் ஒரு மீட்டருக்குள். சுற்று வளைவு இல்லாததால் எஞ்சின் நீளமாக இருந்தாலும் பெரிய கவலையில்லை.

இந்த யார்டு பழகியபின் பக்கத்தில் ஒரு ஸ்டேஷனைச் சேர்க்கலாம். அதற்கு நான் காட்டும் மாதிரி போடிநாயக்கனூர். மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் வந்து மலையடிவாரத்தில் நின்றுவிடும் கிளைப் பாதையின் கடைசி ஸ்டேஷன். 2010 வரை மீட்டர் கேஜ். அகலப் பாதையாகி 2022-ல் தேனி வரையும் 2023-ல் போடி வரையும் ரயில் திரும்பி வந்தது. கடைசி ஸ்டேஷன் என்பதால் வந்த எஞ்சின் பெட்டிகளைக் கழற்றி, பக்கத்து லைன் வழியாக ஓடி, மறுமுனையில் மாட்டிக்கொள்ள வேண்டும். பாசஞ்சர் ஒன்று வந்து திரும்புவதற்குள் பத்து நிமிஷ வேலை கிடைக்கிறது. பின்னால் சுவரில் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்துவிட்டால் காட்சியும் முடிந்தது. ரயில் வந்து போகிற மறுமுனையை, தேனியோ மதுரையோ, ஒரு புத்தக அலமாரிக்குப் பின்னால் ஒளித்து வையுங்கள். நாடகத்தில் மேடைக்கு வெளியே நடிகர்கள் காத்திருப்பது மாதிரி அடுத்த ரயில் அங்கே காத்திருக்கும்.

அப்படியே போடியைச் செய்யச் சொல்லவில்லை. செங்கோட்டையோ திருச்செந்தூரோ உங்கள் சொந்த ஊரோ, உங்களுக்கு வாசனை வரை நினைவில் இருக்கிற ஸ்டேஷன் எதுவோ அதைச் செய்யுங்கள்.

ஊட்டி ரயில் செய்ய ஆசை. முடியுமா?

எல்லோருக்கும் முதல் ஆசை இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 குகை. 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே ஏற்றம் 12-க்கு 1, அதாவது நூற்றுக்கு எட்டு சொச்சம். அதில் சாதாரணச் சக்கரம் வழுக்கும் என்பதால்தான் நடுவில் பல் தண்டவாளம் போட்டு, எஞ்சினுக்கு அடியில் பல் சக்கரம் வைத்தார்கள்.

மாடலுக்கும் அதே விதிதான். சாதாரண எஞ்சின் வசதியாக ஏறுவது நூற்றுக்கு இரண்டு. மூன்று வரை தள்ளலாம். எச்ஓ-வில் ஒரு பாதை இன்னொன்றின் மேலே போக வேண்டுமானால் ஏழரை சென்டிமீட்டர் உயர வேண்டும். மூன்று சதவீத ஏற்றத்தில் அதற்கு இரண்டரை மீட்டர் நீளம் ஆகும். இறங்க இன்னொரு இரண்டரை. ஜெர்மனியின் ஃப்ளைஷ்மன் பல் தண்டவாளமும் பல் சக்கர எஞ்சினும் செய்திருக்கிறது. ஏற்றத்துக்கு அது உதவும், ஆனால் உருவத்தில் அது ஆல்ப்ஸ் மலை ரயில், நம் நீலகிரி எஞ்சின் இல்லை. முதல் முயற்சிக்கு ஊட்டி வேண்டாம். மிகவும் ஆசையிருந்தால் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனை மட்டும் செய்யுங்கள். அகலப் பாதையும் மீட்டர் கேஜும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஸ்டேஷன் அது, தரையும் சமம்.

பலகை எப்படி அமைப்பது? ஆசாரி வேண்டுமா?

9 அல்லது 12 மில்லிமீட்டர் பிளைவுட், அடியில் ரீப்பர் சட்டம். தண்ணீர் தாங்குகிற தரத்தில் வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மட்ட ரகம் ஒரு மழைக்காலத்தில் வளைந்து பாயின்ட்டுகளை இழுத்துவிடும். நேராக அறுப்பதை மட்டும் கடையிலோ ஆசாரியிடமோ விட்டுவிட்டு மற்றதை நீங்களே திருகாணியில் முடுக்கலாம். ஒரு துண்டு நாலடிக்கு மேல் வேண்டாம். வீடு மாறும்போது கதவில் நுழைய வேண்டும். இரண்டு பேர் தூக்க முடிய வேண்டும்.

கரையானுக்கு எளிய பதில் தரையைத் தொடாமல் இருப்பது. சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து அதன்மேல் வையுங்கள். சுவருக்கும் பலகைக்கும் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். ஓதம் ஏறுகிற சுவர் என்றால் அந்தச் சுவரே வேண்டாம். மொட்டை மாடி அறை காலியாகத்தான் கிடக்கும், ஆனால் சித்திரை வெயிலில் அங்கே பிளாஸ்டிக் பெட்டிகள் நெளிந்துவிடும்.

முழங்கால் வலி, கண்ணாடி, சர்க்கரை எல்லாம் உண்டு. என்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?

இதை யாரும் கேட்பதில்லை. நான்தான் கேட்க வைக்கிறேன்.

உட்கார்ந்து ஓட்டுவதாக இருந்தால் பலகை சாப்பாட்டு மேஜை உயரம், 75 சென்டிமீட்டர். நின்றே ஓட்டுவதாக இருந்தால் 110 முதல் 120. பாதைக்கு அடியில் குனிந்து புகுந்து நடுவில் போய் நிற்கிற அமைப்பு இணையப் படங்களில் கம்பீரமாக இருக்கும். அறுபத்தைந்து வயதில் ஒரு நாளைக்கு நாலு முறை புகுந்து பாருங்கள் தெரியும். ஒயர் வேலையைப் பலகைக்கு அடியில் மல்லாந்து படுத்துச் செய்யாதீர்கள். துண்டைக் கழற்றி, மேஜையில் சாய்த்து நிறுத்தி, உட்கார்ந்து செய்யுங்கள். நாலடித் துண்டு என்று சொன்னதற்கு அதுவும் காரணம்.

சர்க்கரை உள்ளவர்கள் மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது கால். நாம் வீட்டுக்குள் செருப்புப் போடுவதில்லை. தண்டவாளம் வெட்டும்போது தெறிக்கும் துண்டும் ஒயர் நறுக்கும் தரையில் கிடக்கும். குத்தினாலும் பாதம் மரத்திருந்தால் தெரியாது. அந்த அறைக்கென்று ஒரு ஜோடி செருப்பு, வேலை முடிந்ததும் காந்தமும் துடைப்பமும். தண்டவாளம் நிக்கல் சில்வர், ஒயர் செம்பு; இரண்டையும் காந்தம் பிடிக்காது என்பதால் துடைப்பம் கட்டாயம். வெட்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி. சால்டரிங் செய்யும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் காப்பி. ஈயம் கலந்த சால்டர் அது.

வெளிச்சத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். பூதக்கண்ணாடி பொருத்திய மேஜை விளக்கு ஒன்று பாதி வயதைக் குறைத்துவிடும்.

மின் இணைப்பு கஷ்டமா? டிசிசி வேண்டும் என்கிறார்களே?

ஒரு எஞ்சின்தான் ஒரு நேரத்தில் ஓடப்போகிறது என்றால் சாதாரண 12 வோல்ட் டிசி கண்ட்ரோலர் போதும். இரண்டு ஒயர், ஒரு குமிழ். டிசிசி என்பது தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரத்தையும், அதன்மேலேயே கட்டளைகளையும் அனுப்புவது. ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் ஒரு சில்லு தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்கும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக ஓட்டலாம். விளக்கு, ஹாரன் எல்லாம் வரும். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய முறையை அமெரிக்காவின் தேசிய மாடல் ரயில் சங்கம் பொதுத் தரமாக்கியது. அதனால் ஒருவர் எஞ்சின் இன்னொருவர் கருவியில் ஓடும். எலக்ட்ரானிக்ஸ் தெரிந்தவர்கள் அர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையில் தாங்களே டிசிசி கருவி செய்துகொள்கிறார்கள். மற்றவர்கள் முதலில் டிசி-யில் ஆரம்பிக்கலாம்.

முதலில் படிக்க வேண்டிய எச்சரிக்கை: ஜப்பானிலிருந்து வரும் செட்டில் உள்ள பவர் பாக் அங்குள்ள 100 வோல்ட்டுக்கானது, அமெரிக்காவினுடையது 120. மகனோ மகளோ ஆசையாக வாங்கி வந்ததை ப்ளக்கை மட்டும் மாற்றி நம் 230 வோல்ட்டில் செருகினால் புகைதான் வரும். அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

இணைப்பில் ஒரே ஒரு பழக்கம் போதும்: பலகைக்கு அடியில் இரண்டு தடித்த ஒயரை நீளவாக்கில் ஓட்டி, ஒவ்வொரு பாதைத் துண்டுக்கும் அதிலிருந்து மெல்லிய ஒயர் கொடுங்கள். தண்டவாள இணைப்புத் தகட்டை மட்டும் நம்பினால் ஆறு மாதத்தில் அது கறுத்து, கடைசித் துண்டில் எஞ்சின் திணறும். சிவப்பு எப்போதும் சுவர்ப் பக்கம், கறுப்பு உங்கள் பக்கம் என்று முடிவு செய்துகொண்டு மாற்றவே மாற்றாதீர்கள். பாதை வளைந்து வந்து தன்னையே சேர்ந்தால் பிளஸ் மைனஸைத் தொட்டு ஷார்ட் ஆகும். அந்த அமைப்புக்குத் தனி இணைப்பு உண்டு. தட்டு அமைப்பில் இந்தத் தொல்லையே கிடையாது.

எஞ்சின் நின்று நின்று போகிறது. பழுதா?

பத்தில் ஒன்பது முறை அழுக்கு. நம் ஊர் தூசி, சமையலறைப் புகை, கடலோரம் என்றால் உப்புக் காற்று. அதற்கு மேல், சக்கரத்துக்கும் தண்டவாளத்துக்கும் இடையே தெறிக்கும் சிறு பொறிகளால் படிகிற கறுப்பு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் தொட்டுத் துடையுங்கள். சக்கரங்களையும் சேர்த்துத் துடைக்க வேண்டும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும், பூஜை விளக்கு இருக்கிற அறையில் வேண்டாம். உப்புத்தாள் போடவே கூடாது: கீறலில் அழுக்கு இன்னும் நன்றாக உட்காரும். எஞ்சினுக்கு எண்ணெய் என்றால் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மாடல் எண்ணெய், ஊசி முனையில் ஒரு துளி. தேங்காய் எண்ணெய் மார்கழியில் உறையும்.

ஓட்டாதபோது மூடி வையுங்கள். பல்லி எச்சத்துக்கு அதுதான் மருந்து. பழைய வேட்டியைப் போர்த்தினால் நூல் பிசிறு உதிர்ந்து பல் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். பாலியஸ்டர் சேலை மேல்.

தினமும் கொஞ்சம் ஓடுகிற பாதை அவ்வளவாக அழுக்காவதில்லை.

வெயில் காலத்தில் தண்டவாளம் வளையுமா?

நிஜ ரயிலில் போல் பெரிதாக இல்லை. மூன்று மீட்டர் பாதை, பதினைந்து டிகிரி வெப்ப மாற்றத்தில் முக்கால் மில்லிமீட்டர்தான் நீளும். ஆனால் மழைக்கும் வெயிலுக்கும் மரம் அதைவிட அதிகம் அசையும். ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு இணைப்பில் தபால் அட்டை கனத்துக்கு இடைவெளி விட்டு, அந்த இணைப்பைச் சால்டர் செய்யாமல் விடுங்கள்.

ஜல்லி, மரம், வீடு எல்லாம் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டுமா?

வேண்டாம். இந்த வேலையில் நம் ஊர்தான் பணக்கார ஊர்.

ஜல்லிக்கு எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்துக் கழுவிக் காயவைத்தால் போதும். ஆனால் எந்த மணலானாலும் காந்தத்தைத் துணியில் சுற்றி அதில் நன்றாக அளைந்து பாருங்கள். நம் ஆற்று மணலிலும் கடல் மணலிலும் காந்தத்தில் ஒட்டுகிற கறுப்புத் துகள்கள் உண்டு. அவை மோட்டார் காந்தத்தில் போய் ஒட்டினால் எஞ்சின் கதை முடிந்தது. மணலைத் தண்டவாளங்களுக்கு இடையே பரப்பி, பிரஷ்ஷால் சீராக்கி, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து சொட்டு மருந்துக் குப்பியால் விடுங்கள். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக நிற்கும். பாயின்ட் நாக்குகள் பக்கம் ஒரு சொட்டும் போகக்கூடாது.

தரைக்குச் செம்மண், கரிசல் மண், எது உங்கள் ஊரோ அது, சலித்தது. சிலர் காய்ந்த டீத்தூளைத் தூவுவார்கள். ஈரக் காற்றில் பூஞ்சை பிடிக்கும்.

மரத்தில் பலரும் செய்வது குட்டையாகச் செய்வது. 15 மீட்டர் தென்னை எச்ஓ-வில் 17 சென்டிமீட்டர், ஸ்டேஷன் கட்டடத்தைவிட உயரமாக நிற்கும். ஆள் இரண்டு சென்டிமீட்டர். செம்புக் கம்பிகளை முறுக்கி அடிமரம், பச்சைத் தாளைக் கத்தரித்து மட்டை. வேப்பமரத்துக்குக் காய்ந்த செடிக் கிளைகளும் சாயம் ஏற்றிய மரத்தூளும். பிளாட்பாரத்தைப் பொறுத்தவரை, கிளைப் பாதை ஸ்டேஷன்களில் தாழ்வான பிளாட்பாரம். எச்ஓ-வில் ஐந்து மில்லிமீட்டர் உயரம். பெரிய ஸ்டேஷன்களின் உயரப் பிளாட்பாரம் பத்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் தமிழில் ஊர்ப் பெயரை மேலே எழுதி நட்டுவிட்டால், ஜெர்மன் எஞ்சின் ஓடினாலும் இது நம் ஊர்.

அளவெடுக்க டேப்புடன் ஏதாவது ஒரு சின்ன ஸ்டேஷனுக்குப் போகலாம். பிளாட்பார டிக்கெட் வாங்கிக்கொண்டு, தண்டவாளத்தில் இறங்காமல். சென்னையில் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை பக்கத்திலுள்ள ரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் நிதானமாகச் சுற்றிப் பார்க்கலாம். முழுமையாக ஓடுகிற மாடல் அமைப்பு ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் புனே கோத்ருடில் ஜோஷி மினியேச்சர் ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, எச்ஓ அளவில்.

செலவு? எங்கே வாங்குவது?

விலை மாதம் ஒரு தினுசாக மாறுவதால் தொகை சொல்லவில்லை. வெளிநாட்டுச் சாமானுக்குத் தபால் செலவும் பொம்மை வகைச் சுங்க வரியும் சேர்ந்து விலையை எங்கேயோ கொண்டுபோய்விடும். ஆர்டர் போடுமுன் அன்றைய வரியைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதில் காசு போடுவது என்பதை மட்டும் சொல்கிறேன். நல்ல எஞ்சின் ஒன்று, நல்ல பாயின்ட் இரண்டு. பாயின்ட்டில் மிச்சம் பிடித்தால் காலம் முழுக்கத் தடம் புரளும். வேகன்களை ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம். சக்கரம் உலோகமா என்று பாருங்கள். கட்டடங்கள் அட்டையில் நீங்களே செய்வது. பழைய சாமான் வாங்கினால் விற்பவர் எதிரிலேயே மெதுவான வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். வேகமாக எல்லா எஞ்சினும் ஓடும்.

பெட்டி பெட்டியாக வாங்கி அலமாரியில் அடுக்குவது வேறு பொழுதுபோக்கு. அதைக் குறை சொல்லவில்லை. பென்ஷன் பணத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்ய வேண்டாம் என்கிறேன்.

வீட்டில் சம்மதிக்க மாட்டேன் என்கிறார்களே?

எட்டுக்கு நாலடி மேஜை கேட்டிருப்பீர்கள். ஒன்றரை மீட்டர் தட்டு கேட்டுப் பாருங்கள்.

பேரப்பிள்ளைகள் வந்தால் அவர்களுக்கு எஞ்சினைவிட அதிகாரம்தான் பிடிக்கும். ஒற்றைப் பாதையில் டோக்கன் இல்லாமல் ரயில் கிளம்பக்கூடாது என்ற விதியைச் சொல்லி, ஒரு பந்தை டோக்கனாகக் கையில் கொடுத்து ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார வையுங்கள். நம் ரயில்வேயிலும் ஒற்றைப் பாதைகளில் இரும்புப் பந்தைத்தான் டோக்கனாக வைத்திருந்தார்கள். ஏழு வயதுப் பெண் டோக்கன் தர மறுத்துத் தாத்தாவை வெளி சிக்னலில் நிறுத்தி வைப்பாள். மிகச் சிறு குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில் பலகை இருக்கட்டும். கொக்கி, சக்கரம் எல்லாம் வாயில் போகிற அளவு.

எவ்வளவு நாளில் முடியும்?

முடியாது. ஆனால் முதல் எஞ்சின் முதல் மாதத்திலேயே ஓட வேண்டும். மலையும் மரமும் முடிந்தபின் ஓட்டிக்கொள்ளலாம் என்று வைத்தவர்களின் பலகைகள் பரணில் இருக்கின்றன. வெறும் பலகையில் பாதையை ஆணியடித்து, சீட்டுக் குலுக்கி, ஷண்டிங் ஆரம்பித்துவிடுங்கள். பாதையில் எது தப்பு என்பது ஓட்டும்போதுதான் தெரியும். ஜல்லி ஒட்டுமுன் தெரிந்தால் மாற்றுவது சுலபம்.

எனக்குப் பிறகு இதையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

பிள்ளைகளில் ஒருவருக்கு ஆசை இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் அவர்களுக்கு வேலையைச் சுலபமாக்கி வையுங்கள். ஒரு நோட்டில் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒரு வரி: தயாரிப்பாளர், மாடல் எண், வாங்கிய விலை, டிசிசி சில்லு உண்டா இல்லையா, உண்டென்றால் அதன் எண். எந்தத் துண்டை முதலில் கழற்றுவது, எந்த ஒயர் எதில் சேரும் என்று பலகைக்கு அடியிலேயே மார்க்கரில் எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரர் எடை போட்டு எடுத்துக்கொண்டு போவார். சாமான் வந்த அட்டைப் பெட்டிகளைத் தூக்கி எறியாதீர்கள். பெட்டியோடு இருக்கும் எஞ்சினுக்கு மறுவிலை கூடுதல். பரணில் வைக்கும்போது மட்டும் எலி புகாத டிரங்குப் பெட்டிக்குள் வையுங்கள்.